லாப் சிங்கின் ஜாகோ வண்டி

பஞ்சாபில் சுனாம் போகும் சாலையில் பால் ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள்கள் ஏராளம். அவற்றில் ஊரே பெயர் வைத்துக் கூப்பிட்டது லாப் சிங்கின் வண்டியை மட்டும்தான். ஜாகோ என்றார்கள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பெண்கள் தலையில் விளக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, தூங்குகிற ஊரை எழுப்பி, ஆடிப் பாடி வருவார்களே, அதுதான் ஜாகோ. லாப் சிங்கின் வண்டியும் அப்படித்தான் வந்தது. ஹெட்லைட்டுக்குக் கீழே பளீரென்று ஒரு எல்இடி பட்டை, காப்புக் கம்பியில் பக்கத்துக்கு இரண்டாக உருண்டை விளக்குகள், கைப்பிடிக் கண்ணாடிக்கு மேலே இன்னும் இரண்டு. பின்னால் இரு பக்கமும் பால் கேன்கள் மட்டும் இல்லையென்றால் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

"என்ன லாபா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பின்னாடி வராங்களா?" என்று கேட்காத வாய் அந்த வழியில் கிடையாது.

"உங்க அக்காவைப் பொண்ணு பார்க்கத்தாண்டா போறேன். போய் டீ போடச் சொல்லு" என்பான் லாப் சிங்.

அவனுடைய வாய் அப்படி. நல்லவன் என்று யாரும் அவனைச் சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. நாலு கிராமத்தில் பால் எடுத்தான். நாலிலும் தண்ணீர் கலந்தான். பால் குறைந்த வீட்டுப் பெண்களிடம், "எருமைக்கு வைக்கிற புண்ணாக்கை நீயே தின்னுடறியா?" என்று கேட்டு அழ வைப்பான். ஆனால் நேரம் தவறமாட்டான். பனிமூட்டம் சுவர் மாதிரி நிற்கிற தை மாதத்திலும், விடிவதற்கு முன்னால் சுனாமில் இனிப்புக்கடையின் பின்கதவை அவன்தான் முதலில் தட்டுவான். அந்த முதல் தட்டுக்குத்தான் கடைக்காரன் அவனை வைத்திருந்தான். ஒருநாள் பிந்தினாலும் அந்த இடத்தைப் பிடிக்க இன்னொரு பால்காரன் காத்திருந்தான்.

லாப் சிங்குக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அந்தி வெளிச்சத்தில் மட்டும் தடுமாறியது. பிறகு ஓரங்கள் மறைந்தன. நேரே இருப்பது மட்டும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரிந்தது. ஒரு இலவச முகாமில் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது வம்சத்தில் வருவது, மருந்து கிடையாது, வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள் என்றார். வீட்டுக்கு வந்து மனைவி ஷிந்தர் கௌரிடம், "கேரட் சாப்பிடச் சொன்னான்" என்றான்.

வம்சத்தில் வந்ததுதான். அவனுடைய தாய்மாமன் நாஹர் சிங்குக்கும் இதே கதி. மாமன் நல்ல உழவன். கண் போன பிறகு தீவனம் வெட்டும் மெஷின் பக்கத்தில் ஒரு கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் கன்றுக்குட்டியைப் பிடித்து வந்து கட்டில் முன்னால் நிறுத்தி, "மாமா, உங்களைப் பார்க்க பட்வாரி வந்திருக்காரு" என்பார்கள். நிலக்கணக்கு எழுதும் அதிகாரியே வந்துவிட்டார் என்று மாமன் பதறி எழுந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கன்றுக்குட்டிக்குக் கை கூப்பி "சத் ஸ்ரீ அகால் ஜி" என்பான். நிலத்து விவகாரம்கூடப் பேசுவான். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். பட்வாரி என்று யோசனை சொன்னவனே லாப் சிங்தான். ஆகவே தனக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அவன் கேள்விப்பட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, கையால் செய்து பார்த்திருந்தான்.

எனவே அவன் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் குறை இல்லை, வண்டியில்தான் வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டினான். அந்த முடிவோடு சுனாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டி ரிப்பேர் பார்க்கும் தர்சேம் மிஸ்திரியிடம் போனான்.

தர்சேம் வயரிங்கில் கில்லாடி, வாயில் அதைவிடக் கில்லாடி. முதல்முறை பெரிய பல்பு போட்டான். ஹெட்லைட் கூடு உருகியது. இரண்டாம் முறை எல்இடி பட்டை கட்டினான். ஒரே வாரத்தில் பேட்டரி செத்தது.

"சாகத்தான் செய்யும்" என்றான் தர்சேம். "உன் வண்டி சம்பாதிக்கிறது கொஞ்சம். நீ செலவு பண்றது சீமானாட்டம். பேட்டரி என்ன, உன் மாமியார் வீடா, எடுத்துக்கிட்டே இருக்க?"

"அப்போ வண்டியை ஜாஸ்தி சம்பாதிக்க வை."

"காயிலைப் பிரிக்கணும்."

"பிரி."

தர்சேம் என்ஜினின் இடது பக்க மூடியைக் கழற்றி, காந்தச் சக்கரத்தை இழுப்பான் போட்டு இழுத்து, உள்ளே இருந்த காயில் தட்டை வெளியே எடுத்தான். கம்பி சுற்றிய பற்கள் வட்டமாக நிற்கும் சிறிய தட்டு. வண்டியின் மொத்த மின்சாரமும் அதிலிருந்துதான். ஒரு பல்லில் இருந்த கம்பி என்ஜினுக்குப் பொறி கொடுக்க. அதைத் தொடவில்லை. மற்றப் பற்களில் இருந்த மெல்லிய கம்பியை உரித்துப் போட்டுவிட்டு, தடித்த செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினான். வார்னிஷில் முக்கி வெயிலில் காயவைத்தான். பிறகு காயிலின் ஒரு முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருந்ததை அறுத்தான்.

"கம்பெனிக்காரன் பாதி கரண்டைத்தான் பேட்டரிக்கு அனுப்பறான், மீதி சும்மா போகுது" என்றான். "நான் ரெண்டு முனையையும் பிடிச்சு முழுசையும் வாங்கித் தரேன். இனிமே எல்லா லைட்டும் பேட்டரி வழியாத்தான் எரியும். காயில் கரண்டைப் பேட்டரிக்கு ஏத்தபடி மாத்தற பழைய ரெக்டிபையர் இதுக்குத் தாங்காது, வெந்துடும். பெருசா ஒண்ணு போட்டுக் காத்துப்படற மாதிரி முன்னாடி வைக்கிறேன். லைட்டுக்கெல்லாம் தனியா ஒரு பியூஸ். ஏதாவது ஷார்ட் ஆச்சுன்னா லைட்டு மட்டும்தான் போகும். வண்டியும் ஹாரனும் ஓடும்."

"பல்பு வெள்ளையா போடு."

தர்சேம் நிமிர்ந்து பார்த்தான். "பால்காரன் பேசற பேச்சா இது? பனியில வெள்ளை லைட்டு போட்டா அப்படியே திருப்பி உன் மூஞ்சியில அடிக்கும். மஞ்சள் போடறேன். சின்னப் புள்ளைக்குத் தெரியுமே இது."

"மஞ்சள் மங்கலா இருக்குய்யா. வெள்ளை போடுன்னா போடு."

இந்தப் பக்கத்தில் பனிக்காலத்துக்கு விளக்குக் கண்ணாடிமேல் மஞ்சள் தாள் ஒட்டாத டிராக்டர்கூடக் கிடையாது. இருபது வருஷம் பனியில் பால் ஓட்டியவன் வெள்ளை கேட்கிறான். தர்சேம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு பக்கவாட்டிலிருந்து லாப் சிங்கின் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தப் பார்வை எதிராளிக்குத் தெரியவே இல்லை என்பதையும் பார்த்தான். புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் வெள்ளை விளக்கை மாட்டினான். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிற்பாடு பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொன்னான்.

ஜாகோ முழு அலங்காரத்தோடு ஊருக்குள் வந்தது அன்றைக்குத்தான். எதிரே வந்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு சாலையை விட்டு இறங்கி நின்று திட்டினார்கள். லாப் சிங்குக்கு உச்சி குளிர்ந்தது. தனக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது, அதற்குள் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் திட்டு தெரிந்ததே. மற்றதை அவன் உடம்பால் ஓட்டினான். அரிசி ஆலைச் சுவர் வந்தால் என்ஜின் சத்தம் காதுக்குத் திரும்பி வரும். செங்கல் சூளை வந்தால் கரிப்புகை வாடை. அதற்கப்புறம் முழங்காலில் சில்லென்று அடித்தால் கால்வாய்.

ஷிந்தர் கௌர் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள். "கேன் மூடியைப் பக்கத்துல வச்சுக்கிட்டே தேடறீங்க. கண்ணு தெரியலைன்னு ஒத்துக்கிட்டா என்ன? என்னைக்காவது ஒரு குழந்தையை அடிச்சுப் போட்டுட்டு வந்து நிப்பீங்க."

"குழந்தை பெத்துக் குடுக்காதவளுக்குக் குழந்தை மேல என்ன கரிசனம்" என்றான் லாப் சிங்.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

மார்கழி பாதியில் கரும்பு டிராலி ஒன்று டயர் வெடித்துச் சாலையில் நின்றது. டிராலிக்காரன் பின்னால் ஒரு கிளையை ஒடித்துப் போட்டு, மஞ்சள் விளக்கும் வைத்திருந்தான். அந்த வழியாக ஒரு டஜன் வண்டிகள் விலகிப் போயின. லாப் சிங் நேரே போய் மோதினான். பெரிய அடியில்லை, கரும்பு தாங்கிக்கொண்டது. பால் மொத்தமும் ரோட்டில். நாய்கள் வந்து நக்க ஆரம்பித்ததும் டிராலிக்காரன், "ஏம்ப்பா, இத்தனை லைட்டைக் கட்டிக்கிட்டு உனக்கு டிராலி தெரியலையா?" என்று கேட்டான். அங்கே கூடியிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் லாப் சிங் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பான்.

அன்று சாயங்காலம் ஊர்ச் சத்தில், அதாவது ஆண்கள் கூடிப் பேசும் மேடையில், அவன் தம்பி ஜர்னைல் சிங் பேச்சை எடுத்தான். ஜர்னைலுக்கு ஒரு மகன். வெளிநாடு போக ஆங்கிலப் பரீட்சை எழுதி எழுதித் தேறாமல் வீட்டில் போனைத் தடவிக்கொண்டு கிடந்தான். அண்ணனுக்குக் கண் போனால் நாலு கிராமத்துப் பாலும் இனிப்புக்கடையும் மகனுக்கு வரும். ஜர்னைலின் அக்கறையில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது. ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் இதில் கொடுமை.

"வீர்ஜி, கோபப்படாதீங்க. உங்களுக்கும் மாமா மாதிரி ஆயிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். வண்டியைப் பையன்கிட்ட விடுங்க. நீங்க வீட்டோட இருங்க, சோறு நாங்க போடறோம்."

"உன் சோத்தை உன் பையனுக்குப் போடு, தண்டச்சோறு தின்னு பழகினவன் அவன்தான்" என்றான் லாப் சிங். "ரெக்டிபையர் மக்கர் பண்ணுச்சு, லைட்டு அணைஞ்சு போச்சு, மோதிட்டேன். தர்சேம்கிட்ட கேளு. லைட்டு எரிஞ்சா இந்தப் பக்கத்துல என்னை விட எவனும் ஓட்ட முடியாது."

"அப்போ ஓட்டிக் காட்டுங்க."

"எப்ப வேணா காட்டறேன். நாளைக்கு இருட்டற நேரம், பனியில. கால்வாய்ப் பாலம் வரைக்கும் போயிட்டு வரேன். வந்துட்டா இந்தப் பேச்சை அதோட விட்டுடணும்."

"வரலைன்னா?"

"சாவி உனக்கு."

சத்தில் இருந்த பெரியவர்கள் சாட்சி ஆனார்கள். பாலத்தில் கேவல் என்பவனை இன்னொருவனோடு நிறுத்துவது, அவன் ஒரு கரும்பைக் கையில் கொடுப்பது, லாப் சிங் அதைக் கொண்டுவந்து சத்தில் போடுவது என்று ஏற்பாடு.

மறுநாள் வண்டியைச் சரிபார்க்க தர்சேமையே வரவழைத்தார்கள். லாப் சிங்குக்கு அதில் சந்தோஷம். தர்சேம் ரெக்டிபையரைத் தொட்டுப் பார்த்தான். பேட்டரியை அளந்தான். சீட்டைத் தூக்கி எதையோ நோண்டினான்.

"எல்லாம் சரியா இருக்கா மிஸ்திரி?"

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு சர்தார்ஜி. சுவிட்சைப் போட்டுக்கிட்டு கிளம்புங்க."

பொழுது மங்கிவிட்டது. வயல்களிலிருந்து பனி எழுந்து சாலையை மூடியிருந்தது. லாப் சிங் சுவிட்சைத் தட்டினான். முன்னால் சாம்பலாக ஏதோ வெளிச்சம் தெரிந்தது. எந்த வெளிச்சம் என்று அவன் யோசிக்கவில்லை, தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ உஸ் என்றார்கள். ஜாகோவைக் கண்டால் சிரிப்பது ஊர் வழக்கம்தானே என்று கிளம்பிவிட்டான்.

அப்படி ஒரு ஓட்டத்தை அவன் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. ஆலைச் சுவர் காதுக்கு வந்தது. இடப்பக்கம் சாய்த்தான். சூளை வாடை வந்தது. வேகத்தடை இருந்த இடத்தில் சக்கரம் ஏறுமுன்னே கால்கள் எழுந்து நின்றன. வளைவில் தைலமரங்கள் தலைக்கு மேலே சலசலத்தன. எதிரில் ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் இல்லை, ஒரு ஆள் இல்லை. வாஹே குரு இன்றைக்கு என் பக்கம் என்று நினைத்தான். முழங்காலில் குளிர் அடித்தது. பிரேக் போட்டான். முன்சக்கரம் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"சாச்சா, வந்துட்டீங்களா!" என்று கேவலின் குரல் கேட்டது. அந்தக் குரலில் பரிகாசத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது.

"பின்னே? கரும்பைக் குடுடா." குரல் வந்த பக்கம் கையை நீட்டினான். கரும்பு கையில் வந்தது.

"லைட்டு எப்படி சாச்சா?"

"பகல் மாதிரி இருக்குடா" என்றான் லாப் சிங். "உன் மூஞ்சியில அம்மைத் தழும்புகூடத் தெரியுது."

கூட நின்றவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. கேவல் சிரிக்கவில்லை. லாப் சிங் வண்டியைத் திருப்பினான்.

திரும்பும் வழியில் அவன் பாடினான். நாளைக்கு இனிப்புக்கடையில் என்ன சொல்லி மார்தட்டுவது, ஜர்னைலின் மகனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாம் வரிசையாக வந்தது. ஷிந்தரிடம்கூட ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது. ஊர் வந்தபோது முழுதும் இருட்டிவிட்டது, பாட்டில் இருந்தவன் அதைக் கவனிக்கவில்லை. பேச்சுச் சத்தத்தை வைத்துச் சத்துக்கு நேராக வண்டியை நிறுத்தி, கரும்பை மேடையை நோக்கி வீசினான்.

"யாருடா குருடன்?" என்று கத்தினான். "இப்ப சொல்லுங்கடா! இந்த வெளிச்சத்துல எவனுக்கு வேணா ஊசியில நூல் கோத்துக் காட்டறேன்!"

 தர்சேம் வந்து அவன் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் எதையோ வைத்தான். சின்னக் கண்ணாடிக் குழல், இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி.

"லைட்டு பியூஸ், சர்தார்ஜி. கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். உங்க வண்டியில ஒரு லைட்டும் எரியல. இப்பவும் எரியல."

மேடையில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவிழ்ந்தது. ஒருவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "பகல் மாதிரி இருந்துச்சாம்! கேவல் இப்பதான் போன்ல சொன்னான்!" என்று இன்னொருவன் கத்தினான். மாடிகளிலிருந்து பெண்கள் சிரிப்பதும் கேட்டது. நாலு கிராமத்திலும் அவனிடம் பேச்சு வாங்காதவர்கள் குறைவு. யாருக்கும் இரக்கம் வரவில்லை.

லாப் சிங் விரல்களை மூடிக்கொண்டு நின்றான். அவன் பேசியபோது குரல் உடையவில்லை.

"சரி. லைட்டே இல்லாம போயிட்டு வந்திருக்கேன். கரும்பு அங்க கிடக்கு. கண்ணு இருக்கிற உங்கள்ல எவனாவது போயிட்டு வாங்கடா பார்க்கலாம். எனக்கு லைட்டும் வேணாம், கண்ணும் வேணாம். ரோடு எனக்கு மனப்பாடம்."

சிரிப்பு நின்றது. ஒரு கிழவர், "அதுவும் நிஜம்தானே" என்றார். இன்னொருவர் தலையாட்டினார். அந்த ஒரு நிமிஷம் சத்து முழுவதும் லாப் சிங்கின் பக்கம் சாய்ந்தது. அவனும் அதை உணர்ந்தான், முதுகு நிமிர்ந்தது.

"ரோட்டை ரெண்டு பக்கமும் மறிச்சு வச்சிருந்தோம் வீர்ஜி" என்றான் ஜர்னைல், மெதுவாக. "டிராலி, எருமை, டியூஷன் போன புள்ளைங்க, ஒருத்தரையும் விடல. வளைவுல படுத்திருந்த நாயைக்கூட கேவல்தான் தூக்கி அந்தப் பக்கம் போட்டான். நீங்க ஓட்டினது காலி ரோட்டுல. நாளைக்குக் காலையில யாரு மறிச்சு வைப்பா?"

லாப் சிங் கையில் இருந்த பியூஸை விரல்களால் உருட்டினான். 

"பியூஸை எடுக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டான்.

"ஷிந்தர் பாபிதான்" என்றான் ஜர்னைல். "நேத்து ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து அழுதாங்க. என் யோசனை இல்ல இது."

அதைக் கேட்டுக் கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள்.  லாப் சிங் சாவியைத் திருகி எடுத்தான். என்ஜின் நின்றது.

"இந்தா" என்று, தம்பியின் குரல் கடைசியாக வந்த பக்கம் சாவியை நீட்டினான்.

ஜர்னைல் அங்கே இல்லை. பேசி முடித்ததும் வண்டியைப் பிடித்துக்கொள்ள மறுபக்கம் வந்துவிட்டிருந்தான். லாப் சிங்கின் கை ஆளில்லாத இடத்தில் நீண்டிருந்தது. "வாங்கிக்கோடா" என்றான் மறுபடியும், அந்தப் பக்கமே. ஜர்னைல் அண்ணனுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றான். உடனே வாங்கவில்லை. வெறும் இடத்தில் நீண்ட அந்தக் கையைக் கிழவர்களும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தான்.